அத்தா மாறிவிட்டார் என்று சொல்வதற்கு முன்: நடுக்குவாத நோயும் மனநிலை மாற்றங்களும்



இம்மாத நலப்பாடத்தை எங்கள் பிழை ஒன்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு, டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு குடும்ப விவகாரம் பேச்சுக்கு வந்தது. சம்பந்தப்பட்டவருக்கு வயது அறுபத்திரண்டு. நாற்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தியவர். வட்டிக்கு ஒரு ரூபாய் தொட்டதில்லை, சீட்டுக்கட்டைக் கையில் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் ஆறே மாதத்தில் கைப்பேசியில் ரம்மி ஆடி நான்கு லட்சத்துக்கு மேல் இழந்துவிட்டார், பேத்தியின் நகையையும் அடகு வைத்துவிட்டார் என்று மகன்கள் முறையிட்டார்கள். அவருக்குக் கை நடுக்கம் இருப்பதும், அதற்கு மாத்திரை சாப்பிடுவதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து, சூது ஹராம் என்பதை அவருக்குப் பாடம் நடத்தினோம். நமக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்த வயதுள்ள மனிதர் அழுதார். இனிமேல் இல்லை என்று சத்தியம் செய்தார். இருபது நாளில் மறுபடி ஆடினார்.

வெளியூரில் இருந்த மகள் வந்துதான் உண்மை வெளிப்பட்டது. மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அவரை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போனார். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி: "சூதாட்டம் தொடங்கியது இந்த மாத்திரையைச் சேர்த்ததற்கு முன்பா, பின்பா?" பின்புதான். ஐந்து மாதம் கழித்து. மருத்துவர் அந்த மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் வாரம் வாரமாகக் குறைத்தார். மற்றொரு மருந்தின் அளவைச் சரிசெய்தார். சில வாரங்களில் ஆட்டமும் நின்றது, அதைப் பற்றிய நினைப்பும் நின்றது. அவரை உட்காரவைத்துக் கண்டித்த அதே ஐந்து பேரும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறோம். "பெயரைப் போட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை" என்றார். நாங்கள்தான் போடவில்லை.

நடுக்கம் மட்டுமல்ல இந்த நோய்

நமதூரில் இதை நடுக்குவாதம் என்கிறோம்; மருத்துவர்கள் பார்க்கின்சன் நோய் என்பார்கள். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் ஆறு நோயாளிகளைக் கவனித்து ஒரு சிறு நூல் எழுதினார். அதனால்தான் இந்தப் பெயர். அவருடைய பிறந்தநாளான ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். கைநடுக்கம், குனிந்த நடை எல்லாவற்றையும் நுட்பமாகப் பதிவுசெய்த அந்த மனிதர், நோயாளியின் புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்று எழுதிவிட்டார். அதில் அவர் தவறிவிட்டார். ஆனால் அந்த எண்ணம் இன்றுவரை ஊரில் நிற்கிறது. கை நடுங்கினால் நோய், குணம் மாறினால் கெட்ட குணம் என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம்.

உள்ளே நடப்பது இதுதான். மூளையின் அடிப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கின்றன. கைகால் நாம் நினைத்தபடி இயங்க அது வேண்டும். அந்த அணுக்களில் கணிசமான பகுதி அழிந்த பிறகே நடுக்கமும் இறுக்கமும் வெளியே தெரியும். டோபமைனுக்கு வேறு வேலையும் உண்டு. ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை, செய்து முடித்ததில் திருப்தி, அடுத்த வேளைச் சாப்பாட்டை எதிர்பார்க்கும் ஆவல் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கிருக்கிறது. இந்நோயில் குறைவது டோபமைன் மட்டுமல்ல. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றைச் சுரக்கும் பகுதிகளும் பழுதடைகின்றன. ஆகவே கை நடுங்குவது எப்படி நோயோ, மனம் சுருங்குவதும் அப்படியே நோய். பலருக்கு மனச்சோர்வும் மலச்சிக்கலும் வாசனை தெரியாமல் போவதும் நடுக்கத்துக்குப் பல வருடங்களுக்கு முன்பே வந்துவிடுகின்றன.

சிரிக்காத முகம்

சந்திக்கும்போது மலர்ந்த முகத்தோடு சலாம் சொல்வதை நாம் நற்பண்பாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். நடுக்குவாதம் முகத்தசைகளையும் இறுக்கிவிடும். கண் இமைப்பது குறையும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தாழ்ந்துவிடும். உள்ளுக்குள் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். முகம் மரப்பலகைபோல் இருக்கும். சலாமுக்குப் பதில் சொல்லியிருப்பார், நம் காதில் விழுந்திருக்காது. "ஹாஜியாருக்கு இப்போதெல்லாம் தலைக்கனம்" என்று நாம் நகர்ந்துவிடுவோம். பிறகு வீட்டுக்குப் போவதை நிறுத்துவோம். பேரப்பிள்ளைகளும் நன்னாவுக்குக் கோபம் என்று கிட்டே வர மாட்டார்கள். அவர் தனிமைப்பட்டுப்போக இவ்வளவு போதும்.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியை நம் தலைமுறை மறந்திருக்காது. உலகமே கேட்கப் பேசியவர் அவர். 1984-ல் இந்நோய் அவருக்கு இருப்பது தெரிந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் தீபம் ஏற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்காக அவருக்கு மகிழ்ச்சி இல்லை என்று யாரும் நினைக்கவில்லை. 2016-ல் இறக்கும்வரை 32 வருடங்கள் அந்நோயோடு வாழ்ந்தார். உலகப் புகழ் பெற்றவருக்கு நாம் கொடுத்த சலுகையைப் பக்கத்துத் தெரு மாமாவுக்கும் கொடுக்கலாம்.

சோர்வும் பற்றின்மையும்

இந்நோயாளிகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. அழுகை, எதிலும் நம்பிக்கையின்மை, "நான் உங்களுக்குப் பாரம்" என்ற பேச்சு, விடியற்காலையில் விழித்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடப்பது ஆகியவை அதன் அடையாளங்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. பற்றின்மை என்று சொல்லலாம். இதில் துக்கம் இருக்காது, அழுகை இருக்காது. எதையும் தானாகத் தொடங்கத் தோன்றாது, அவ்வளவுதான். குளிக்கச் சொன்னால் குளிப்பார். சொல்லாவிட்டால் மூன்று நாள் அப்படியே இருப்பார். மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்றால் "அப்படியா" என்பார். குடும்பத்தார் மனதை இது மனச்சோர்வைவிட அதிகம் புண்படுத்துகிறது. அழுகிறவரிடம் இரக்கம் வரும். இவரிடம் எரிச்சல்தான் வரும். "ஒன்றுக்கும் அசைய மாட்டேன் என்கிறார், சுத்த சோம்பேறியாகிவிட்டார்" என்று மனைவி சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் வீடுகளில் இது முதலில் தொழுகையில் தெரியும். முப்பது வருடம் பள்ளியில் முதல் வரிசையில் நின்றவர், ஸுப்ஹுக்குப் பாங்கு சொன்னாலும் படுக்கையிலேயே கிடக்கிறார். உடனே ஈமான் பலவீனம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். இறுகிப்போன உடம்பு அதிகாலையில்தான் மிக மோசமாக இருக்கும். இரவு மாத்திரையின் வேகம் அதற்குள் தீர்ந்திருக்கும். ருகூவிலிருந்து நிமிர முடியாமல் பின்வரிசையின் மேல் ஒருமுறை விழுந்திருப்பார். அந்த வெட்கத்தை வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். பற்றின்மை வேறு சேர்ந்துகொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து தொழும் சலுகை எல்லோருக்கும் தெரியும். நாற்காலியைப் போட்டு, கையைப் பிடித்து, "வாங்க மாமா, போகலாம்" என்று அழைத்துப் போக ஒரு ஆள்தான் வேண்டும். பற்றின்மை உள்ளவருக்கு உபதேசம் பயன்படாது. நேரம் குறித்த அன்றாட வழக்கமும் கூடவே கிளம்பும் ஒருவரும் பயன்படும்.

மனச்சோர்வுக்கு மருந்துண்டு, பேச்சுச் சிகிச்சை உண்டு, இரண்டும் பலனளிக்கின்றன. மாத்திரை தொடங்கினால் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நான்கு நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்தாதீர்கள். நடுக்குவாத மருந்துகளில் சிலவற்றோடு (செலிஜிலின், ரசாஜிலின் போன்றவை) மனச்சோர்வு மருந்தைச் சேர்க்கும்போது கவனம் தேவை என்பதால், எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள். தினமும் நடப்பதும் மருத்துவர் சொல்லும் உடற்பயிற்சியும் உடலுக்கு மட்டுமல்ல, மனதுக்கும் உதவும்.

"அல்லாஹ் என்னை எடுத்துக்கொண்டால் தேவலை" என்று ஒருவர் சொன்னால், "அஸ்தஃபிருல்லாஹ், அப்படிப் பேசக்கூடாது" என்று வாயை அடைத்துவிடுகிறோம். வாய் அடைபடும், எண்ணம் அடைபடாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அப்படித் தோன்றுகிறது, எப்போதிலிருந்து, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வருகிறது என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரைகளை எட்டாத இடத்தில் வையுங்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி இரவு பகலாகக் கிடைக்கிறது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

பதற்றமும் கடிகாரமும்

சிலருக்குக் குறிப்பிட்ட நேரத்தில் நெஞ்சு படபடப்பு, மூச்சுமுட்டல், ஏதோ நடக்கப்போகிறது என்ற பயம். மாரடைப்பென்று ஓடுவார்கள், இ.சி.ஜி. சரியாக இருக்கும். (ஓடியது தவறில்லை, முதல் தடவை அப்படித்தான் பார்க்க வேண்டும்.) பலருக்கு இது ஒரு வேளை லெவோடோபா மாத்திரையின் வேகம் தீர்ந்து, அடுத்த வேளைக்கு முன்னால் வரும். நேரத்தை ஒரு வாரம் எழுதிவைத்துக் காட்டினால் மருத்துவர் மாத்திரை நேரத்தை மாற்றியே சரிசெய்யக்கூடும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நம் வீடுகளில் மாத்திரையைப் பாங்கோடு முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறோம்: லுஹர் மாத்திரை, மஃக்ரிப் மாத்திரை. வேறு நோய்களுக்கு அது பரவாயில்லை. நம் பகுதியில் மஃக்ரிப் நவம்பரில் 5.40-ஐ ஒட்டியும் ஜூலையில் 6.40-ஐ ஒட்டியும் வருகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். இந்நோயில் ஒரு மணி நேரத் தாமதம் நடக்கிறவரை உட்காரவைத்துவிடும். மாத்திரைக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள்.

இல்லாதவர்கள் வந்து நிற்கும்போது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். நமதூரில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

நோய் முற்றும்போதோ, மருந்து அதிகமாகும்போதோ, சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். தொடக்கத்தில் லேசாக இருக்கும்: கண்ணோரத்தில் ஒரு பூனை ஓடியதுபோல, பின்னால் யாரோ நிற்பதுபோல. பிறகு தெளிவாகவே தெரியும். சுவரோரம் குழந்தைகள், முற்றத்தில் முன்பின் தெரியாத ஆட்கள், சில நேரம் மௌத்தாகிப்போன உறவினர். பெரும்பாலும் பேச மாட்டார்கள், சும்மா நிற்பார்கள். பலர் இதை வீட்டில் சொல்வதில்லை, பைத்தியம் என்பார்கள் என்ற பயம். சிலருக்குச் சந்தேகமும் வரும்: பணத்தைத் திருடுகிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள், நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனைவியின் நடத்தை சரியில்லை. கடைசியாகச் சொன்னது அந்த மூதாட்டியை என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப் பாருங்கள். அது அவருடைய உள்ளத்தின் பேச்சல்ல, நோயின் பேச்சு.

வீட்டார் முதலில் நினைப்பது ஜின். மதரஸாவில் படித்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: ஜின் இருப்பதை நாம் மறுக்கவில்லை. நோயாளிக்காக ஓதுவதும் துஆ செய்வதும் நம் வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் கட்டணம் பேசிக்கொண்டு வருகிறவர்கள் செய்வது அதுவல்ல. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். புகை போடுகிறார்கள். பட்டினி போடுகிறார்கள். அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நடுக்குவாத மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் நினைவு தப்புவதுமாக உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். "ஜின் இறங்கும்போது உடம்பு இப்படித்தான் விறைக்கும்" என்று அப்போதும் விளக்கம் சொல்ல அந்த ஆள் தயாராக இருப்பார்.

உருவம் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் அவரோடு வாதாட வேண்டாம். பொய்யாக ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குத் தெரியவில்லை அத்தா, ஆனால் நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும். அறையில் நல்ல விளக்குப் போடுங்கள். கொடியில் தொங்கும் சட்டையும் நிலைக்கண்ணாடியும் இருட்டில் ஆளாகத் தெரியும். கண் பரிசோதனை செய்து எத்தனை வருடமாயிற்று என்று பாருங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்திருந்தால் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை ஆகியவற்றை மருத்துவர் முதலில் பார்ப்பார். நடுக்கத்துக்கென்று பல காலமாகக் கொடுக்கப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரை வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் இல்லாத தோற்றங்களையும் உண்டாக்கக்கூடியது. சீட்டில் அது இருக்கிறதா என்று மருந்துக்கடையில் கேட்டு, இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொரு முக்கியமான செய்தி. நோயாளி இரவில் கூச்சலிடுகிறார் என்று அவசரத்தில் எங்காவது தூக்கிக்கொண்டு போனால், அமைதிப்படுத்த ஹாலோபெரிடால் போன்ற ஊசி போடுவது வழக்கம். மற்றவர்களுக்கு அது சரியான மருந்தாக இருக்கலாம். நடுக்குவாதக்காரரை அது கட்டைபோல் இறுக்கிவிடும். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் ஆகியவையும் நோயைக் கூட்டும். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடும் அப்படியே. இந்நோயாளிகளுக்குக் குவெட்டியாபின், இரத்தப் பரிசோதனையோடு குளோசாபின் போன்றவற்றைத்தான் மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். எனவே வாசலில் நுழையும்போதே "இவருக்குப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆதார் அட்டையோடு ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

நோய் பல வருடம் நீடிக்கும்போது பலருக்கு மறதி நோயும் சேருகிறது. அதைத் தனிப் பாடமாகப் பிறகு எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

உறக்கத்தில் அடிப்பவர்

ஒரு சகோதரி கன்னத்தில் காயத்தோடு இருந்தார். கேட்டவர்களிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லிவந்தார். பெண்கள் பிரிவில் ஒருவரிடம்தான் உண்மையைச் சொன்னார்: கணவர் தூக்கத்தில் கத்திக்கொண்டே கையை வீசுகிறார், காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. ஊர் என்ன நினைக்கும் என்று பயந்து இரண்டு வருடம் மறைத்திருக்கிறார்.

கனவு காணும்போது நம் உடம்பு அசையாமல் கட்டிப்போடப்பட்டிருக்கும். இந்நோயில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. கனவில் நாயை விரட்டுகிறவர் கட்டிலில் உதைக்கிறார். நடுக்கம் வருவதற்குப் பத்து வருடம் முன்பேகூட இது தொடங்கலாம். இதற்கு மருந்து உண்டு. அதுவரை கட்டிலைத் தாழ்வாக்குங்கள், பக்கத்தில் கூரான மேசை வேண்டாம், மனைவி தனிக் கட்டிலில் படுப்பதில் தவறொன்றுமில்லை.

மாத்திரை தூண்டும் ஆசைகள்

முதலில் சொன்ன ஜவுளிக்கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். அவர் சாப்பிட்டது பிரமிபெக்ஸோல். அதுவும் ரோபினிரோலும் ஒரே வகை. டோபமைனைப்போல் நடித்து மூளையில் வேலை செய்பவை. நடுக்கத்துக்கு நல்ல மருந்துகள். பலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் சிலருக்கு, ஆசையையும் திருப்தியையும் நடத்தும் பகுதியை அவை அளவுக்கு மீறித் தூண்டிவிடுகின்றன.

2010-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை விசாரித்தார்கள். 13.6 சதவீதம் பேருக்குக் கட்டுக்கடங்காத ஏதோவொரு பழக்கம் இருந்தது. இவ்வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதம், சாப்பிடாதவர்களில் 6.9. சூதாட்டம், கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குவது, நடுராத்திரியில் எழுந்து அளவில்லாமல் சாப்பிடுவது, தாம்பத்தியத்தில் அளவு மீறிய வேட்கை ஆகிய நான்கும் அவர்கள் கேட்டவை. சிலர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள்; மிக்ஸியைக் கழற்றிப் பூட்டுவது, அலமாரியை அடுக்கிக் கலைப்பது என்று விடியும்வரை.

நான்காவதைப் பற்றி எழுதலாமா என்று எங்களுக்குள் யோசித்தோம். ஹயாவின் பெயரால் மறைத்தால் அது மனைவிமார்கள் தலையில்தான் விழுகிறது. பேரன் பேத்தி எடுத்த பிறகு கணவர் இப்படி மாறினால் எந்தப் பெண்ணும் வெளியே சொல்ல மாட்டார். சில குடும்பங்களில் இது தலாக் பேச்சுவரை போயிருக்கிறது. சகோதரிகளே, மருத்துவரிடம் இதைச் சொல்வது கணவரின் மானத்தைக் கப்பலேற்றுவது ஆகாது. வாயால் சொல்லக் கூச்சமென்றால் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: "மாத்திரை சேர்த்த பிறகு இந்த விஷயத்தில் மாற்றம்." அவர்களுக்குப் புரியும்.

நோயாளி தானாக ஒப்புக்கொள்வது அரிது. ஆகவே இவ்வகை மாத்திரை தொடங்கினால் வீட்டில் ஒருவர் மட்டுமாவது வங்கிக் கணக்கின் குறுஞ்செய்திகளைக் கவனித்து வாருங்கள். பழக்கம் முதல் மாதத்திலும் வரலாம், இரண்டு வருடம் கழித்தும் வரலாம். வந்துவிட்டால் ஏ.டி.எம். அட்டையும் கைப்பேசிப் பணப்பரிமாற்றமும் கொஞ்ச நாள் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும். அத்தாவிடமிருந்து அதை வாங்குவது மரியாதைக் குறைவாகப் படும். தன் செல்வத்தைக் காக்க இயலாத நிலையில் உள்ளவருக்காக மற்றவர் அதைப் பாதுகாப்பது ஃபிக்ஹு கிதாபுகளில் தனிப் பாடமாகவே இருக்கிறது. நல்ல முறையில் பேசி, தினச் செலவுக்குக் கையில் பணம் கொடுத்து, செய்யுங்கள். மாத்திரையைக் குறைப்பது மருத்துவர் வேலை. திடீரென நிறுத்தினால் கடும் பதற்றமும் வியர்வையும் மனச்சோர்வும் வரும்.

இன்னொன்றும் கவனத்துக்கு வந்தது. பூனைக்காலி விதைப் பொடியைச் சிலர் பக்கவிளைவு இல்லாதது என்று வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அந்த விதையில் இருப்பது லெவோடோபாதான், மாத்திரையில் இருக்கும் அதே பொருள். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் இரட்டை மருந்து. உருவங்கள் தெரிவதும் குழப்பமும் அதனாலும் வரும். நாட்டுமருந்து என்பதற்காக மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

நோன்பு

லெவோடோபா உடலில் நீண்ட நேரம் நிற்காது. ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை சாப்பிடுகிறவர் பதிமூன்று, பதினான்கு மணி நேரம் நிறுத்தினால் உடல் மட்டுமல்ல, மனமும் சரியும். நோயாளிக்கு உள்ள சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் இருப்பதை எல்லோரும் அறிவோம். நீங்காத நோயாளிக்கு ஃபித்யா உண்டு. ஆரம்பநிலை நோயாளிகள் சிலருக்கு மருத்துவர் மருந்தை மாற்றி அனுமதிக்கலாம். அதை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள், பிறை பார்த்த இரவில் அல்ல. இஃப்தாரில் கறி போட்ட நோன்புக் கஞ்சியோடு மாத்திரையை விழுங்கினால் மாத்திரை சரியாக ஏறாது. புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டியிடுகின்றன. பேரீச்சம்பழம், தண்ணீர், மாத்திரை. அரை மணி நேரம் கழித்துக் கஞ்சி.

நோன்பு பிடிக்க முடியாதவர் பகலில் மாத்திரைக்காகத் தண்ணீர் குடிப்பதைப் பிள்ளைகள் முன்னால் கேலி செய்ய வேண்டாம். சென்ற வருடம் ஒரு பெரியவர் குளியலறையில் ஒளிந்து மாத்திரை விழுங்கப்போய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

பராமரிப்பவர்கள்

எந்த வீட்டிலும் இந்தச் சுமை ஒரே பெண் மேல் விழுந்திருப்பதைப் பார்க்கிறோம். மனைவி, இல்லையென்றால் மருமகள். இரவில் மூன்று முறை எழுந்து, பகலில் சந்தேகப் பேச்சைக் கேட்டு, வருகிறவர்களிடம் "நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம்" என்று கணக்குச் சொல்லி, அவரும் மனம் சோர்ந்துபோகிறார். துபாயிலிருந்து பணம் அனுப்பும் மகன்கள் வருடத்தில் ஒரு மாத விடுப்பையாவது அத்தாவின் இரவுகளுக்கு ஒதுக்கலாம். நோய் விசாரிக்கப் போகிறவர்கள் கூட்டமாகப் போய்த் தேநீர் போடவைக்காமல், ஒருவர் மட்டும் போய் இரண்டு மணி நேரம் நோயாளியோடு உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்ணைத் தூங்கவோ தாய்வீட்டுக்குப் போய்வரவோ விடுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் நோய் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பென்று சான்றளித்தால் தனித்துவ அடையாள அட்டை பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

விண்ணப்பப் படிவம் நிரப்ப உதவி தேவைப்படுவோர் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகம் வரலாம். மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும், பழையதையும் சேர்த்து, எடுத்து வாருங்கள். பெண்களுக்குத் தனி அறையில் நம் பெண்கள் பிரிவுச் சகோதரிகள் இருப்பார்கள். சட்டைப்பையில் வைக்கும் சீட்டை ஐந்நூறு பிரதி அச்சடித்து வைத்திருக்கிறோம். அதற்கான செலவை ஏற்றுக்கொண்டவர் அந்த ஜவுளிக்கடைக்காரர்தான். சனிக்கிழமைகளில் அவரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். முகம் சிரிக்காது, நீங்கள் சலாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள், பதில் வரும்.